நிறையாத தோல்

அண்ணன் அந்தக் குட்டியைத் தலைத்துண்டில் முடிந்து எடுத்துவந்த மாலையில் எங்கள் வீட்டில் மல்லிகை வாசம் தலைவலிக்கும்படி அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூ சாமிக்கு வாங்கியதல்ல. யார் தலையிலும் வைக்க வாங்கியதுமல்ல. பால் வற்றுவதற்காக அம்மா அதை நங்கையின் மார்பில் வைத்துக் கட்டிவிட்டிருந்தாள்.

நங்கை என்றால் என் அண்ணனின் மனைவி. ஹனூர்ப் பக்கத்தில் அண்ணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்போது ஹனூர் கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்தில் இருந்தது. நாங்கள் எல்லை தாண்டி மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா ஒரு மர டிப்போவில் காவல் வேலை பார்த்து அங்கேயே இறந்துபோனார். அண்ணன் அதே டிப்போவின் லாரியை ஓட்டினான். காகனகோட்டைக் காட்டில் வெட்டிய மரங்களை ஏற்றிவருவது அவன் வேலை. டிப்போ காம்பவுண்டுக்குள்ளேயே, மரத்தூள் ஓயாமல் வந்து படியும் ஓட்டு வீடு ஒன்றில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அந்த வருடம் சில மாதங்கள் மட்டும் ஐந்து பேராக இருந்தோம்.

நான் இன்டர்மீடியட்டில் விலங்கியல் எடுத்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். அதில் எனக்கிருந்த பெருமையை இப்போதும் மறைக்க மாட்டேன். அதைச் சம்பாதித்துத்தான் வைத்திருந்தேன். காலையில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு மரக்கட்டை அடுக்குகளுக்கு நடுவே நடக்கும்போது ரம்பம் இழுக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்தி வழிவிடுவார்கள். அந்த நிறுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் தபால் வந்தாலும், மருந்துச் சீசாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமென்றாலும், "அம்மிணியைக் கேளு" என்பார்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கொன்றும் தெரிந்திருக்காது. பெண் குழந்தை. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு வயிற்றுப்போக்கு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தொடைச் சதை வற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அம்மா அந்தத் தோலை இரண்டு விரலால் பிடித்து, புடவைத் துணியின் நயம் பார்ப்பதுபோல உருட்டிப் பார்த்துவிட்டு, "சவலை பாஞ்சிருச்சு" என்றாள். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சவலை பார்க்க அம்மாவிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் விரல் சொன்னால் சொன்னதுதான். தாய்ப்பால் கெட்டுப்போனால்தான் சவலை வரும் என்பது அம்மாவின் முடிவு. உடனே பாலை நிறுத்தச் சொன்னாள். ராகியை ஊறவைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிய தண்ணீரும், ஆட்டுப்பாலும், ஏதோ வேரை உரைத்ததும் கொடுத்தார்கள். நங்கையின் மார்பில் மல்லிகையைக் கட்டினார்கள். பூ வாடியது, பால் வற்றவில்லை. குழந்தை போய்விட்டது. அதன் பிறகும் பால் வற்றவில்லை.

நங்கை சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த நாட்களில்தான் அண்ணன் துண்டை அவிழ்த்தான்.

உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குட்டி. செம்பழுப்பு மயிர், உடம்பைவிட நீளமான வால், முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள். கூசிக்கொண்டு முகத்தை வாலுக்குள் புதைத்தது.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"தெரியலைம்மா. மத்தி மரம் ஒண்ணைச் சாச்சாங்க. பொந்துக்குள்ள இருந்து இது உருண்டு வந்துது. தாயி அந்த மரத்துக்கு அடியிலயே நசுங்கிக் கெடந்துச்சு."

"அதுக்கு இங்க தூக்கியாந்தியாக்கும்?"

"அங்க உட்டுட்டு வந்தா மரம் வெட்டறவங்க சுட்டுத் தின்னுருவாங்க. என்ன ஏதுன்னுகூடக் கேக்காம தூக்கி சீட்டுக்கடியில வெச்சுட்டு வந்துட்டேன்."

டிப்போவில் இருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். எல்லாரும் எங்களைப்போலச் சமவெளி ஆட்கள். ஒருவர் மரநாய் என்றார். வாட்ச்மேன் தேவாங்கு என்று சாதித்தார். நான் அணில் சாதி என்றேன். பல்லைப் பார்த்தால் தெரிந்தது.

"அணிலா? முதுகுல மூணு கோட்டைக் காணமே?" என்றார் வாட்ச்மேன்.

"ராமர் தடவுன அன்னிக்கு இது லீவு போட்டிருக்கும்" என்றான் அண்ணன். குழந்தை இறந்த பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

அம்மா சிரிக்கவில்லை. குட்டியைத் திருப்பிப் போட்டாள். கைக்கும் காலுக்கும் இடையில், இரண்டு விலாவிலும், தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகச் சரிந்து கிடந்தது. அம்மா அதை இரண்டு விரலால் பிடித்து உருட்டினாள். எங்கள் எல்லாருக்கும் அந்த விரல்கள் எதைச் சொல்லப்போகின்றன என்று தெரிந்துவிட்டது.

"சவலை" என்றாள். "தேறாது. கொண்டுபோய் எங்காச்சும் உட்டுரு."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நங்கை எழுந்து வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. குட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மார்புக் கட்டை அவிழ்த்துப் பழுத்துப்போன பூவைக் கொல்லையில் உதறினாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் பிடித்து, பழந்துணியைத் திரியாகத் திரித்து, அதில் தோய்த்து அதன் வாயில் வைத்தாள். அது இரண்டு கையாலும் திரியைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது.

அம்மாவுக்கு முதலில் கோபம்தான். "மனுசப் பாலை மிருகத்துக்குக் குடுக்கறதா? ஊரு சிரிக்கும்." அன்று ராத்திரி நங்கை தானாகத் தட்டைப் போட்டுக்கொண்டு சோறு உண்பதைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். "சரி போ. கெட்ட பாலுதானே. கொட்டறதுக்கு அது குடிச்சுட்டுப் போகட்டும்" என்றாள்.

குட்டி சாகவில்லை. பகலெல்லாம் அட்டாலியில், சமையலறைக்கு மேலே சாமான் போட்டுவைக்கும் பலகைத் தட்டில், பழைய ஜமுக்காளத்துக்குள் சுருண்டு உறங்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூக்கை மட்டும் வெளியே நீட்டும். பிறகு இறங்கி வந்து நங்கையின் முதுகில் ஏறித் தோளில் உட்கார்ந்துகொள்ளும். தரையில் விட்டால் அதன் நடை பார்க்கச் சகிக்காது. அகலமான பாவாடையைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாத சிறு பெண்போலத் தடுக்கித் தடுக்கிப் போகும். தூணிலோ சுவரிலோ ஏறவிட்டால் கண் இமைப்பதற்குள் உச்சியில் இருக்கும். பல் வலுத்ததும் அண்ணன் வாய்க்கால் கரையிலிருந்து அத்திப்பழம் பொறுக்கிவந்தான். பழத்தை இரண்டு கையிலும் ஏந்தி, திருப்பித் திருப்பிக் கடித்து, சக்கையைக் கீழே சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் தலையில் துப்பும்.

"சாமிக்கு அபிசேகம் பண்றாப்பல பண்ணுதே, சனியன்" என்பாள் அம்மா. அந்தத் திட்டில் ஒரு செல்லம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் தோல் நிறையவில்லை. குட்டி வளர வளர அந்த மடிப்பும் கூடவே வளர்ந்தது. வயிறு உருண்டிருந்தது, மயிர் பளபளத்தது, கண் மணிபோல இருந்தது. விலாவில் மட்டும் கிழவியின் கைத்தோல்போலத் தொங்கியது. அம்மா அவ்வப்போது உருட்டிப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். நங்கை அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று அதற்கு இன்னொரு தடவை பால் கிடைக்கும். பிறகு ராகிக் கூழ், முட்டை மஞ்சள்கரு, நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழம் என்று அவளே சேர்த்தாள். தன் பங்குச் சோற்றில் ஊற்றவேண்டிய நெய்யை எடுத்து அதன் விலாவில் தேய்த்துவிட்டாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் நெறஞ்சாப்பல இருக்குதில்ல அம்மிணி?" என்று என்னிடம் கேட்பாள். நானும் தொட்டுப் பார்த்து, "கொஞ்சம்" என்பேன்.

ஒரு வாரம் அதற்குப் போக்கு கண்டது. முட்டைதான் காரணமாயிருக்கும். அது அட்டாலியைவிட்டு இறங்கவில்லை. அந்த வாரம் அம்மா அடுப்படியில் அண்ணனிடம் பேசியது முன்னறையில் இருந்த எனக்கும் கேட்டது, கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த நங்கைக்கும் கேட்டது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அம்மா பேசினாள்.

"புள்ளையும் தேறலை. ஒரு குட்டி வந்துது, அதும் தேறலை. அவ கைராசி அப்புடி. கொஞ்ச நாள் அவ அப்பன் ஊட்டுல இருந்துட்டு வரட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இருக்கட்டும்டா. என்ற அண்ணன் மக இன்னும் கட்டிக்குடுக்காம இருக்கறா. நான் ஒண்ணும் சொல்லலை. பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'கொஞ்ச நாள் அப்பன் வீட்டில்' என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போன பெண்கள் அங்கேயே நரைத்துப்போவார்கள். அண்ணன் எழுந்து லாரிக்குப் போய்விட்டான். அவன் நல்லவன்தான். நல்லவர்கள் எழுந்து வெளியே போய்விடுவது எங்கள் வீட்டில் வழக்கம்.

நங்கை ஈரக் கையோடு உள்ளே வந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அதன் விலாவை நீவிக்கொண்டே இருந்தாள். "நெறைஞ்சுரு சாமி. இந்த ஒரு தடவை நெறைஞ்சுரு" என்றாள்.

மறுநாள் நான் கல்லூரி நூலகத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்துகாட்டச் சொன்னேன். கனமான இங்கிலீஷ் புத்தகங்கள். பெண்கள் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. சாவியைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று. இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் அணில் சாதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வண்ணப் படங்களின் மேல் மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. ஒரு தாளைத் தூக்கியதும் எங்கள் வீட்டு அட்டாலியில் இருப்பது கை கால்களை விரித்துக்கொண்டு ஆகாயத்தில் இருந்தது. பறக்கும் அணில் என்று அடியில் போட்டிருந்தது.

அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை ஓடும் தோல். அதை விரித்துப் பிடிக்க மணிக்கட்டின் பக்கத்தில் குருத்தெலும்பாலான ஒரு முள். பறவையைப்போல இறக்கை அடித்து மேலே எழும்ப அதனால் முடியாது. உயரமான கிளையிலிருந்து குதித்து, தோலை விரித்து, காற்றில் சறுக்கி, தூரத்து மரத்தின் அடிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி. பகலில் பொந்தில் உறங்கும், இருட்டினதும் வெளியே வரும். பழம், இலை, மரப்பட்டை தின்னும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், தெற்கே இலங்கை வரையிலும், வடக்கே கங்கைக்கு இந்தப் பக்கமாக மரம் அடர்ந்த இடங்களிலும் இருக்கிறது. இமயமலைக்கும் மலேயாவுக்கும் வேறு வேறு பங்காளிகள். பெரிய மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்காத இடத்தில் அது இல்லை. மைசூரைச் சுற்றி முள்ளும் புதரும்தான். அதனால்தான் எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஒரே குட்டி என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். மனது அவ்வளவு நிறைந்திருந்தது. நான் படித்ததற்கு அர்த்தம் அன்று கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். என் படிப்பு ஒருத்தியை இந்த வீட்டில் இருக்கவைக்கப் போகிறது.

அம்மாவையும் நங்கையையும் உட்காரவைத்துச் சொன்னேன். நங்கை வாயைத் திறந்தபடி கேட்டாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தோல்ல பறக்குமா?"

"பறக்காதும்மா, சறுக்கும். இங்க பாரு." நான் குட்டியைப் பிடித்து, ஒரு முன்னங்காலையும் பின்னங்காலையும் மெல்ல விரித்தேன். மடிப்பெல்லாம் விரிந்து, மயிர் மூடிய அகலமான திரை வந்தது.

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். "இழுத்தா ஆட்டுத்தோலும்தான் விரியும்" என்றாள். "புஸ்தகம் எழுதுனவன் வந்து இதத் தொட்டுப் பாத்தானா?"

எனக்கு ரோஷம் வந்தது. "சரி, கண்ணால பாத்தா ஒத்துக்குவியா?" என்றேன்.

"பாத்தா ஒத்துக்கறேன் போ."

டிப்போவில் ரம்பம் போடும் கொட்டகை ஒன்று உண்டு. உயரமான தகரக் கூரை, இரண்டு பக்கமும் தேக்குத் தூண்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆள் இல்லாத நேரத்தில், நாங்கள் நாலு பேரும் அங்கே போனோம். அண்ணன் குட்டியை ஒரு தூணில் விட்டான். அது விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி விட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. நங்கை எதிர்ப் பக்கத்துத் தூணருகே, மரத்தூள் குவியலின் மேல், அத்திப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள்.

அது முன்னும் பின்னும் தலையை ஆட்டித் தூரத்தை அளந்தது. இரண்டு தடவை குதிக்கப் போய்ப் பின்வாங்கியது. "பயந்துக்குது, வேண்டாம்" என்று நங்கை சொல்லி முடிப்பதற்குள் விட்டத்தைவிட்டுவிட்டது.

நாலு மூலையிலும் பிடித்து உதறிய துணிபோல அது காற்றில் விரிந்தது. சத்தமே இல்லை. சதுரமான ஒரு நிழல் கொட்டகையின் குறுக்கே சாய்வாக வந்தது. தூணை நெருங்கியபோது சற்றே மேலே வளைந்தது. தூணைப் பிடிக்கவில்லை. நங்கையின் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் இரண்டடி பின்னுக்குத் தள்ளாடி, அதை அணைத்துக்கொண்டு, மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடேயப்பா!" என்று அண்ணன் கத்தினான். "பாத்தியாம்மா? என்ற பொண்டாட்டி வளத்த குட்டி பாத்தியா?" மனைவியைப் பற்றி அவன் அப்படி உரக்கப் பேசியதை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

அம்மா மரக்கட்டையில் கை ஊன்றி நின்றாள். "பாத்தேன்" என்றாள். அம்மா நியாயம் தெரிந்தவள். "சவலை இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அவ கைமேல தப்பில்ல."

நான் எதற்காக நூலகத்துக்குப் போனேனோ அது கிடைத்துவிட்டது. நங்கை சந்தோஷப்படுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குட்டியின் விலாவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுக்கு மொதல்லருந்தே ஒண்ணும் இல்லீங்களா அத்தை?"

"இல்லைங்கறாளே அம்மிணி."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா புள்ளே."

"இது என்ற பாலைத்தானுங்களே குடிச்சுது?"

அண்ணன் சிரிப்பதை நிறுத்தினான். நங்கையின் குரலில் கோபமே இல்லை. வழி தெரியாமல் ஒருவரிடம் விசாரிப்பவள்போலக் கேட்டாள்.

"கெட்ட பாலுன்னு சொன்னீங்க. நிறுத்துன்னு சொன்னீங்க, நிறுத்திட்டேன். அவ அழுவா, நான் பொறத்தால பொடக்காளிக்கு ஓடிப்போயி காதைப் பொத்திக்குவேன். அந்தப் பாலைத்தானுங்க இது குடிச்சுது. குடிச்சு இப்புடி வளந்துது. அப்ப பாலு நல்லாத்தானுங்களே இருந்திருக்கும்?"

"நோவு வேற ஏதாச்சும் இருந்திருக்கும் புள்ளே" என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"இருந்திருக்குமுங்க." நங்கை என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு அம்மிணி. நீதான் படிச்சவ. பாலை நிறுத்தாம இருந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

குழந்தைக்குப் போக்கு இருந்தது. இடையில் காய்ச்சலும் வந்தது. பாலை நிறுத்துவதற்கு முன்பே அது மெலியத் தொடங்கியிருந்தது. நிறுத்திய பிறகு வேகமாக மெலிந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். இவற்றைக் கூட்டி ஒரு விடை சொல்ல எனக்குத் தெரியாது. நான் படித்த புத்தகத்தில் அணிலுக்குத் தனிப் பக்கங்கள் இருந்தன.

"எனக்குத் தெரியலை நங்கை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மா தன் அண்ணன் மகளின் பேச்சை எடுக்கவில்லை. நங்கைக்கு முதலில் சோறு போட்டாள். அவள் தலையில் எண்ணெய் வைக்கப் போனாள். நங்கை மறுக்காமல் தலையைக் கொடுத்தாள். எண்ணெய் வைத்து முடிக்கும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

குட்டியை இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று சொன்னது நங்கைதான். அது ராத்திரியெல்லாம் ஓட்டுச் சந்துகளில் முகத்தை வைத்து வெளியே தேடியது. விட்டத்தைக் கடித்துத் துருவியது. "மரம் இருக்கற எடத்துல கொண்டுபோய் உட்டுரலாமுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் மரம் ஏற்றக் காலி லாரியோடு போகும் ஒரு நாளில் அவளையும் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டான். குட்டி அவள் மடியில், சேலைத் தலைப்புக்குள், பாதை முழுக்க உறங்கியது.

காகனகோட்டையில் பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் அதுவரை மரங்களைக் கிடந்த கோலத்தில்தான் பார்த்திருந்தேன். நின்ற கோலத்தில் அவை எவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்டவேண்டிய மரங்களில் பட்டையைச் செதுக்கி முத்திரை அடித்திருந்தார்கள். அண்ணன் முத்திரை இல்லாத ஒரு மத்தி மரத்தைத் தேடிப் பிடித்தான். மேலே ஒரு பொந்து தெரிந்தது.

"இதை வெட்ட மாட்டாங்களா?" என்று நங்கை கேட்டாள்.

"குறி இல்ல."

"எப்பவுமா?"

"இந்த வருசத்துக்கு இல்ல" என்றான் அண்ணன். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

அவள் குட்டியை மரத்தில் ஒட்டவைத்துக் கையை எடுத்தாள். அது சற்று நேரம் அங்கேயே இருந்தது. பட்டையை முகர்ந்தது. பிறகு ஏறத் தொடங்கியது. பாதி தூரத்துக்கு மேல் மரத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகிவிட்டன. யானை வரும் தடம் என்று அண்ணன் அவசரப்படுத்தினான். அது அங்கிருந்து சறுக்கியதா, பொந்துக்குள் போனதா, வேறு எதற்காவது இரையானதா, எதையும் நாங்கள் பார்க்கவில்லை. வீட்டில் வளர்ந்தது காட்டில் பிழைக்குமா என்பதையும் நான் அந்தப் புத்தகத்தில் தேடினேன். அதில் இல்லை.

இரண்டொரு நாளில் நங்கை தன் தகரப் பெட்டியை எடுத்து வைத்தாள். அம்மா பதறிப்போனாள்.

"நான் அன்னிக்கு ஏதோ வெசனத்துல சொன்னதைப் புடிச்சுக்காத புள்ளே. இது உன்ற ஊடு. நீ எங்கயும் போக வேண்டாம்."

"நீங்க சொன்னதுக்காகப் போகலீங்க அத்தை."

"பொறவு?"

"உங்கமேல கோவமில்லீங்க. நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. ஆனா இங்க இருந்தா, நீங்க சோறு போடறப்ப எல்லாம் உங்க கையையே பாத்துட்டு இருக்கறேன். பாக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கறேன். முடியலீங்க."

அம்மா தன் கையைப் பார்த்துக்கொள்ளவில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அனுப்ப நினைத்தவளே போகாதே என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நங்கை அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஹனூரில் இருக்கும் அப்பன் வீட்டுக்குப் போக, நானும் அண்ணனும் அவளைக் கொள்ளேகாலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். "நல்லாப் படி அம்மிணி" என்றாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

அண்ணன் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு கூப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை. ஹனூரிலேயே மாமனாரின் புன்செய்க் காட்டில் விவசாயம் பார்க்கிறான். நான் பி.எஸ்ஸி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மாவும் நானும் டிப்போ வீட்டைக் காலிசெய்து வேறிடத்துக்கு வந்துவிட்டோம்.

போன பங்குனியில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தகவல் வந்தது, அம்மாவையும் வரச்சொல்லி நங்கையே சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா வெள்ளி அரைஞாண் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, என்னிடம் கொடுத்தாள். "எனக்கு மூட்டு வலி, பஸ்ல உக்கார முடியாது. நீ போயிட்டு வா" என்றாள். அம்மாவுக்கு மூட்டு வலி எதுவும் கிடையாது.

போய்ப் பார்த்தேன். குழந்தை நன்றாக இருந்தது. நான் இருந்த இரண்டு நாளும் நங்கை அதைத் தன் மடியைவிட்டு இறக்கவே இல்லை; என்னிடமும் கொடுக்கவில்லை. நான் கேட்கவுமில்லை.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். பையை வைத்துவிட்டு முகம் கழுவினேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"யாரு சாயல்?"

"உன்ற சாயல்தாம்மா. நெத்தியும் மூக்கும் அப்புடியே."

கரண்டி சற்று நின்றது. "அவ அதைச் சொன்னாளா, நீ சொல்றியா?" என்றாள்.

நான்தான் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்லி, எனக்குச் சோறு எடுத்து வைத்தாள்.